க்வேட்லின்புர்க்கில் ஓர் அறை

மூன்று இரவு தங்குவதற்கு ஓர் அறை பிடிக்க ஆயிரம் வருஷத்து வரலாறு தேவையில்லைதான். தேதி, ஆள் எண்ணிக்கை, காலைச் சாப்பாடு உண்டா இல்லையா, இவ்வளவு தெரிந்தால் போதும். ஆனால் க்வேட்லின்புர்க் மாதிரி ஊரில் அறை தேடினால் ஒவ்வொரு விடுதியின் அறிமுகத்திலும் வரலாறுதான் முதலில் வந்து நிற்கிறது. "பதினாறாம் நூற்றாண்டு வீடு" என்கிறது ஒன்று. "ஜெர்மனி பிறந்த ஊரில் உறங்குங்கள்" என்கிற தோரணையில் இன்னொன்று. அறை வாடகையில் பாதி இந்தப் பழமைக்குத்தான் என்னும்போது, அந்தப் பழமை எவ்வளவு நிஜம் என்று பார்த்துவிடலாமே என்று தோன்றியது. பார்க்கப் போனால் அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது.

ஊர் எங்கே என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் நடுப்பகுதியில் ஹார்ட்ஸ் மலைத்தொடரின் வடக்கு அடிவாரம். போடே என்று ஒரு சிற்றாறு. நான் படிக்கும் மாக்டபுர்க்கிலிருந்து ஹால்பர்ஸ்டாட் வழியாக நேர் ரயில் இருக்கிறது. பழைய நகரத்தையும் குன்றின் மேல் உள்ள தேவாலயத்தையும் கோட்டையையும் சேர்த்து 1994இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். மரச்சட்ட வீடுகள் மட்டும் 1300க்கு மேல். மதுரையிலிருந்து அம்மா வருகிறாள், முதல் ஐரோப்பியப் பயணம். பெர்லின் கூட்டத்தில் அவளை அலைக்கழிக்காமல் ஒரு சின்ன ஊரில் மூன்று நாள் வைத்திருக்கலாம் என்பது என் திட்டம்.

நான் தேடுவது ஆறேழு அறைகள் கொண்ட சின்ன விடுதி. கீழே வீட்டுக்காரர்கள் குடியிருப்பார்கள். காலையில் ரொட்டி, சீஸ், அவித்த முட்டை, காப்பி. இதற்கு ஜெர்மனில் 'பென்சியோன்' என்று பெயர். போனில் சொன்னதும் அம்மா கேட்டாள், "யாருக்குடி பென்ஷன்? உங்கப்பாவுக்கே இன்னும் ஏழு மாசம் கெடக்கு." சொல் ஒன்றுதான். லத்தீனில் கொடுக்கும் பணத்தைக் குறித்தது. பிரெஞ்சில் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் தரும் பணமாகி, பிறகு அப்படித் தங்கவைக்கும் வீட்டுக்கே பெயராகிவிட்டது.

அம்மாவின் அடுத்த கேள்வி, "லிப்ட் இருக்கா?" முட்டி வலிக்காரி. மரச்சட்ட வீடுகளில் பெரும்பாலும் லிப்ட் இருக்காது. படிகள் குறுகல், செங்குத்து, மிதித்தால் முனகும். ஆறடி ஆள் நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்வான். அதனால் தரைத்தள அறை என்பது முதல் நிபந்தனை.

இந்த வீடுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஓக் அல்லது ஊசியிலை மரத்தில் தூண், உத்தரம், சாய்வுக்கட்டை எல்லாம் இணைத்து ஒரு கூடு கட்டுவார்கள். வீட்டின் பாரத்தைத் தாங்குவது அந்தக் கூடு. நடுவில் உள்ள கட்டங்களைக் குச்சியும் களிமண்ணும் வைக்கோலும், பிற்பாடு செங்கலும் வைத்து அடைப்பார்கள். ஆரம்பக் காலத்தில் தரையிலிருந்து கூரைவரை ஒரே நீள மரத்தைத் தூணாக நிறுத்தினார்கள். பிறகு மாடிக்கு மாடி தனிச் சட்டகம் வைத்து, ஒவ்வொரு மாடியையும் தெருப்பக்கம் கொஞ்சம் துருத்தவிட்டார்கள். பதினாறாம் நூற்றாண்டு என்றால் உத்தரத்தில் விசிறி போல விரியும் அரைச்சூரியன் செதுக்கியிருக்கும். பதினேழு, பதினெட்டு என்றால் உத்தர முனைகள் சின்னப் பிரமிடு போலக் கூராக இருக்கும். பல வீடுகளில் உத்தரத்திலேயே வருஷமும் தச்சர் பெயரும் விவிலிய வசனமும் வெட்டியிருப்பார்கள். நம்மூரில் வீட்டு நெற்றியில் வருஷம் போடுவது மாதிரிதான்.

ஆனால் செதுக்கிய வருஷத்தையும் அப்படியே நம்ப முடியாது. முகப்பை மட்டும் புதுப்பித்து வருஷம் போட்டிருக்கலாம். வேறு வீட்டிலிருந்து மரத்தை எடுத்து வந்திருக்கலாம். சந்தேகம் தீர மரத்தையே கேட்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷம் வளையம் அகலமாகவும், வறண்ட வருஷம் குறுகலாகவும் விழும். இந்த அகலக் குறுகல் வரிசை ஒரு வட்டாரத்தில் எல்லா மரத்திலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். உத்தரத்தில் விரல் தடிமனுக்குத் துளை போட்டு மாதிரி எடுத்து, ஏற்கெனவே காலம் தெரிந்த வரிசையோடு பொருத்திப் பார்த்தால் மரம் வெட்டிய ஆண்டே கிடைத்துவிடும். அப்படிப் பார்த்ததில் வோர்ட்காஸெ 3ஆம் எண் வீட்டின் மரங்கள் 1346–47 காலத்தவை என்று தெரிந்தது. ஜெர்மனியில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய மரச்சட்ட வீடுகளில் ஒன்று. இன்று அது மரச்சட்டக் கட்டுமானத்துக்கான அருங்காட்சியகம்.

சரி, இவ்வளவு வீடுகள் எப்படித் தப்பின? ஊரின் அழகுணர்ச்சியைப் பாராட்டத்தான் கை வரும். உண்மையான காரணம் பெரும்பாலும் காசில்லாமை. இரண்டாம் உலகப் போரில் ஊர் பெரிய சேதமில்லாமல் பிழைத்தது. கிழக்கு ஜெர்மனி அரசு 1960களில் பழைய நகரத்தின் பெரும்பகுதியை இடித்துவிட்டு சோஷலிச நகரம் கட்டத் திட்டம் போட்டது. பணம் இல்லை, நின்றுபோனது. பிறகு போலந்தின் தோருனிலிருந்து மராமத்து வல்லுநர்கள் வந்து சில வீடுகளைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். 1980களில் பழைய தெருவுக்குப் பொருந்தும்படி சரிவுக்கூரை வைத்த கான்கிரீட் வீட்டுக்கு ஒரு மாதிரி வடிவமே உருவாக்கி, அதற்கு இந்த ஊர் பெயரையும் சேர்த்தார்கள். கவனிப்பில்லாமல் ஒழுகி இடிந்த வீடுகளும் ஏராளம். இன்று நாம் புகைப்படம் எடுக்கும் ஒழுங்கில் பெரும்பகுதி 1990க்குப் பிறகு வந்த மராமத்துப் பணம்.

இனி, "ஜெர்மனி பிறந்த ஊர்" கதை. கோட்டைக் குன்றின் அடியில் ஃபிங்கன்ஹெர்ட் என்று ஒரு முடுக்கு. குருவி பிடிக்க வலை விரிக்கும் இடம் என்று பொருள். 919இல் சாக்சன் பிரபு ஹென்றி இங்கே குருவி பிடித்துக்கொண்டிருந்தபோது, "உங்களை ராஜாவாகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்" என்று தூதர்கள் வந்து கிரீடத்தை நீட்டினார்களாம். 'குருவி பிடிக்கும் ஹென்றி' என்றே அவருக்குப் பெயர் நிலைத்தது. தேர்தல் நடந்தது ஃப்ரிட்ஸ்லார் என்ற வேறு ஊரில். குருவிக் கதை பிற்காலத்தில் வளர்ந்தது, வேறு ஊர்களும் அதற்கு உரிமை கொண்டாடுகின்றன. ஐயத்துக்கு இடமில்லாதது இதுதான்: 936 ஜூலை 2ஆம் தேதி மெம்லேபனில் இறந்த ஹென்றியை க்வேட்லின்புர்க் குன்றில் புதைத்தார்கள்.

எனக்கு நிஜமான வரலாறு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. விதவையான அரசி மட்டில்டா கேட்டுக்கொள்ள, மகன் முதலாம் ஓட்டோ அதே 936இல் கல்லறைக்குப் பக்கத்திலேயே பெண்களுக்கான ஒரு மடத்தை நிறுவினான். இறந்த ராஜாவுக்காக ஜெபிப்பது வேலை. உயர்குடிப் பெண்கள் இங்கே படித்தார்கள், எழுதினார்கள். தலைவியைத் தவிர மற்றவர்கள் விரும்பினால் வெளியேறிக் கல்யாணமும் செய்துகொள்ளலாம். முதல் தலைவி ஓட்டோவின் மகள், அவள் பெயரும் மட்டில்டா. 997இல் மூன்றாம் ஓட்டோ இத்தாலிக்குப் போனபோது அவனுக்குப் பதிலாக இங்கே ஆட்சியைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். 994இல் சந்தை நடத்த, நாணயம் அடிக்க, சுங்கம் வசூலிக்க மடத்துக்கு உரிமை கிடைத்தது. பேரரசின் சபையில் மடத்தலைவிக்கு இடம் உண்டு. 1803இல் பிரஷ்யா எடுத்துக்கொள்ளும்வரை 867 வருஷம் இந்தக் குன்றில் பெண்களே ஆண்டார்கள். கடைசித் தலைவி சுவீடன் இளவரசி சோஃபி அல்பெர்டினே.

உடனே இதைப் பெண்ணுரிமைப் பொற்காலம் ஆக்கிவிட வேண்டாம். நகராட்சி மண்டபத்தின் முன்னால் வாள் ஏந்திய ரோலண்ட் சிலை நிற்கிறது. ஊரின் சுதந்திரத்துக்கு அடையாளம். 1477இல் மடத்தலைவி ஹெட்விக் தன் அண்ணன்மாரின் படையைக் கூட்டிவந்து ஊரை அடக்கியபோது இந்தச் சிலையை உடைத்துப் போட்டார்கள். மீண்டும் அது நிமிர்ந்தது 1869இல். குன்றின் மேல் பெண் இருந்தாலும் அதிகாரம் அதிகாரமாகத்தான் நடந்துகொண்டது.

இந்த மடத்தில் எழுதப்பட்ட ஆண்டுக்குறிப்புகள் இருக்கின்றன. 1009ஆம் ஆண்டுக் குறிப்பில், மதம் பரப்பப் போன ப்ரூனோ என்ற பாதிரியார் ருஸ் நாட்டுக்கும் லித்துவேனியாவுக்கும் எல்லையில் தலை வெட்டப்பட்டார் என்று வருகிறது. லித்துவேனியா என்ற பெயர் எழுத்தில் வரும் முதல் இடம் அதுதான். அதை வைத்துத்தான் 2009இல் அந்த நாடு தன் பெயரின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடியது. எழுதியவர் பெயர் இல்லை. மடத்துப் பெண் ஒருத்தியாகவே இருக்க வேண்டும் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். கேள்விப்பட்ட ஒரு சாவைத் தேதியோடு குறித்துவைத்தாள், அவ்வளவுதான் அவள் செய்தது.

அதே ஊரிலிருந்து இன்னொரு எண் கிளம்பி உலகம் சுற்றியது. அது வேறு ஜாதி. 1784இல் ஊரின் சட்ட அதிகாரி கோட்ஃப்ரீட் கிறிஸ்டியான் ஃபோய்க்ட், சூனியக்காரிகள் என்று எரிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று கணக்குப் போட உட்கார்ந்தார். நோக்கம் நல்லதுதான், மூடநம்பிக்கை எவ்வளவு உயிர் குடித்தது என்று காட்ட வேண்டும். ஊர் ஆவணங்களைப் பார்த்து, முப்பது வருஷத்தில் சுமார் 40 பேர் என்று வைத்துக்கொண்டார். அப்படியானால் நூறு வருஷத்துக்கு 133. க்வேட்லின்புர்க்கின் மக்கள்தொகை இவ்வளவு, ஐரோப்பாவின் மக்கள்தொகை அவ்வளவு, மொத்தம் பதினோரு நூற்றாண்டு. பெருக்கினார். விடை 94,42,994. கடைசி நான்குவரை துல்லியம்! வேட்டை உச்சத்தில் இருந்த முப்பது வருஷத்தை, வேட்டையே நடக்காத நூற்றாண்டுகளுக்கும் ஊர்களுக்கும் நீட்டிய கணக்கு இது. இன்றைய ஆய்வாளர்கள் மொத்தம் 40,000 முதல் 60,000 வரை என்கிறார்கள். ஆனால் 'தொண்ணூறு லட்சம்' பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்களில் ஏறி, பெண்ணுரிமைப் பேச்சிலும் நாஜிப் பிரசாரத்திலும் ஒரே சமயத்தில் உலா வந்தது. நாற்பது பெண்களின் சாவு போதாதா? அது போதாது என்று நினைத்த கணத்தில், அந்த நாற்பது பேரும் தொகைக்குள் காணாமல் போய்விட்டார்கள். இதை வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாம் சரியென்று நம்பும் ஒரு விஷயத்துக்காகச் சொல்லப்படும் பொய்யை அடையாளம் காண்பது எவ்வளவு கஷ்டம்!

நாஜி என்றதும் ஹிம்லர் வருகிறார். எஸ்.எஸ். படையின் தலைவர் ஹைன்ரிக் ஹிம்லர். ஹைன்ரிக் என்பது ஹென்றியின் ஜெர்மன் வடிவம்தான். கிழக்கே ஸ்லாவ் மக்களோடும் ஹங்கேரியரோடும் போரிட்ட ராஜா என்பதால் தங்கள் கிழக்குப் படையெடுப்புக்கு ஹென்றியை முன்னோடியாக்கிக்கொண்டார்கள். 1936 ஜூலை 2, ராஜா இறந்த ஆயிரமாவது ஆண்டு நாளில், ஹிம்லர் இந்தத் தேவாலயத்துக்கு வந்து உரையாற்றினார். ஒரே ஒரு சிக்கல். அரசி மட்டில்டாவின் கல்சவப்பெட்டி நிலவறையில் இருக்கிறது, ஹென்றியின் எலும்பைக் காணோம். தோண்டினார்கள். 1937இல் எலும்புகள் 'கிடைத்தன', ராஜமரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அவை ஹென்றியுடையவை என்பதற்கு நம்பத் தகுந்த ஆதாரம் ஒன்றுமே இல்லை. 1938இல் வழிபட்டுவந்த சபையை வெளியேற்றிவிட்டு தேவாலயத்தை எஸ்.எஸ். கைப்பற்றியது. கிழக்கு முனையில் இருந்த கோதிக் சன்னல்கள் 'ஜெர்மானியத் தன்மை' இல்லாதவை என்று தோன்ற, உள்பக்கம் புதிதாக ஓர் அரைவட்டச் சுவர் எழுப்பி மறைத்தார்கள். 1129இல் அர்ப்பணிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தின் அழகான கனத்த தூண்களுக்கு நடுவே நடந்து போனால், எதிரே தெரியும் அந்த எளிமையான பழம்பாணிச் சுவர் 1938–40இல் கட்டியது. இன்றும் அப்படியேதான் இருக்கிறது. ஹிம்லரின் ஆட்கள் சூனிய வழக்குகளைத் தேடி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அட்டைகளைச் சேர்த்தார்கள் என்பது கூடுதல் செய்தி. ஃபோய்க்ட் போட்ட கோடி, இவர்கள் தேடிய அட்டை. பழங்காலம் நமக்கு வேண்டியதைச் சொல்ல மறுத்தால் அதைச் சொல்லவைக்கலாம் என்ற எண்ணம் இரண்டிலும் உண்டு. முன்னவர் கருணையால் செய்தார், பின்னவர் கொலைக்கு நியாயம் தேடிச் செய்தார். இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது, ஆனால் சேர்த்து யோசிக்காமலும் இருக்க முடியவில்லை.

போர் முடிகிற சமயம் மடத்தின் பொக்கிஷங்களை ஊருக்கு வெளியே ஒரு குகையில் பதுக்கிவைத்திருந்தார்கள். 1945 ஏப்ரலில் அமெரிக்கப் படை வந்தது. காவலுக்கு வந்த ஜோ மீடர் என்ற லெப்டினன்ட், ஒன்பதாம் நூற்றாண்டில் பொன்மையில் எழுதிய நற்செய்திச் சுவடி உட்படப் பன்னிரண்டு பொருள்களை எடுத்து, ராணுவத் தபாலிலேயே டெக்ஸாஸில் உள்ள வீட்டுக்கு அனுப்பிவிட்டார்! அவர் 1980இல் இறந்தார். வாரிசுகள் விற்கப் போனபோது 1990இல் விஷயம் வெளியே வந்தது. சுமார் 27.5 லட்சம் டாலர் கொடுத்துத் தீர்த்துக்கொண்டு, 1993இல் பத்துப் பொருள்கள் குன்றுக்குத் திரும்பின. இரண்டு இன்னும் வரவில்லை.

இவ்வளவையும் சொன்னபோது என்னோடு தங்கியிருக்கும் கோயம்புத்தூர்த் தோழி கேட்டாள், "ராஜா கதையெல்லாம் சரி. தொண்ணூத்திரெண்டைப் பத்திப் படிச்சியா?"

படித்திருந்தேன். 1992 செப்டம்பர். ரோஸ்டாக்கில் புலம்பெயர்ந்தோர் குடியிருப்பைக் கும்பல் எரித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. க்வேட்லின்புர்க்கிலும் அகதிகள் தங்கியிருந்த விடுதியை இரவிரவாகக் கும்பல் சூழ்ந்தது. கற்கள், தீக்குண்டுகள். வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டினார்கள். ஊர்க்காரர் சிலர் அந்த விடுதியின் முன்னால் காவல் நின்றார்கள். அவர்கள் மேலும் கல் விழுந்தது. கடைசியில் அகதிகளைத்தான் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். 'தங்கும் விடுதி' என்ற சொல்லுக்குள் இப்படியும் ஒரு விடுதி இருக்கிறது.

"அங்க போய் உங்கம்மாவத் தங்க வெக்கணுமா?" என்றாள் தோழி. நியாயமான கேள்வி. முப்பது வருஷத்துக்கு முந்தையது என்று தட்டிவிட மனம் வரவில்லை; இந்த ஊரில் முப்பது வருஷம் என்பது நேற்று. இரண்டு நாள் யோசித்தேன். ஓர் ஊரை அதன் மிக மோசமான ஒரு வாரத்துக்குள் அடைத்துவிட்டால், நாற்பதைத் தொண்ணூறு லட்சம் ஆக்குகிற அதே வேலையை நானும் செய்தவள் ஆவேன். அந்த வாரத்தை மறைத்துவிட்டு பொம்மை வீடுகளை மட்டும் அம்மாவுக்குக் காட்டினால், கோதிக் சன்னலை மறைத்த சுவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? கல்லெறிந்தவர்கள், கைதட்டியவர்கள், காவல் நின்றவர்கள் என்று மூன்று வகையாரும் இருந்த ஊர் இது. போகலாம், ஆனால் எல்லாவற்றையும் சொல்லி அழைத்துப் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். அம்மாவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "காவலுக்கு நின்னாங்களே, அவுங்க எத்தன பேருடி?" என்றாள். என்னிடம் எண் இல்லை. பெருக்கிச் சொல்லவும் இல்லை.

அறை விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து விடுதிகளுக்கு ஒரே கேள்வியை எழுதினேன்: வீடு எந்த வருஷத்தது, எப்படித் தெரியும்? மூன்று பேர் பதில் போடவில்லை. ஒருவர் அறிமுகத்தில் இருந்ததையே திருப்பி அனுப்பினார். ஐந்தாவதாக ஓர் அம்மையார் எழுதினார்: முகப்பு உத்தரத்தில் 1684 என்று இருக்கிறது, பின்கட்டு அதைவிடப் பழையது என்று என் மாமனார் சொல்வார், ஆனால் மரத்தை யாரும் சோதித்ததில்லை, அதனால் அறிமுகத்தில் அதைப் போடவில்லை. தரைத்தளத்தில் ஓர் அறை உண்டு, வாசலில் மட்டும் இரண்டு படி. அங்கேயே பதிந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்ததும் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். பெயர், பிறந்த தேதி, நாடு, பாஸ்போர்ட் எண். 2025 ஜனவரியிலிருந்து ஜெர்மன் குடிமக்களுக்கு இந்த வேலை இல்லை. நம்மைப் போன்ற வெளிநாட்டார் மட்டும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

திட்டம் இதுதான். முதல் நாள் சாயங்காலம் வோர்ட்காஸெ வீடு, வெளியிலிருந்து மட்டும். இரண்டாம் நாள் குன்று: மட்டில்டாவின் கல்லறை, திரும்பி வந்த பொருள்கள், அந்தச் சுவர். மூன்றாம் நாள் ஸ்டைன்வெக். அந்தத் தெருவில் 1715இல் பிறந்தவர் டோரதெயா எர்க்ஸ்லேபன். அப்பாவிடம் வைத்தியம் கற்றவர். ஐந்து குழந்தைகளோடு இருந்த ஒரு பாதிரியாரைக் கட்டிக்கொண்டு, தானும் நான்கு பெற்று, ஊர் வைத்தியம் பார்த்தார். போலி வைத்தியர் என்று உள்ளூர் மருத்துவர்கள் மூவர் புகார் கொடுத்தார்கள். பதிலுக்கு ஹாலெ பல்கலைக்கழகத்தில் தேர்வெழுதி 1754இல் டாக்டர் பட்டம் வாங்கினார். ஜெர்மனியில் மருத்துவ டாக்டர் பட்டம் பெற்ற முதல் பெண். பிரஷ்யப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறையாகச் சேர்த்துக்கொண்டது 1908இல்.

இவரைப் பற்றிக் கேட்டதிலிருந்து அம்மா, "மொதல்ல அந்த டாக்டரம்மா வீட்டப் பாத்துருவோம், ராஜா பொறவு" என்கிறாள். திட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.